உடம்பெல்லாம் வலி, விடாத அசதி: இது ஃபைப்ரோமயால்ஜியாதானா? ரிப்போர்ட்டோடு கேட்கிறேன்

நொய்யல்

அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 41, பள்ளி ஆசிரியை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லை. 14 மாதமாக வலி. இடங்கள்: கழுத்து, இரண்டு தோள்பட்டை, இரண்டு மேல்கை, மேல்முதுகு, கீழ்முதுகு, இரண்டு பிட்டம், இரண்டு தொடை. எந்த மூட்டிலும் வீக்கம் கிடையாது. எட்டு மணி நேரம் படுத்தாலும் காலையில் அடித்துப் போட்ட மாதிரிதான் எழுகிறார். பேசும்போது சொல் வாயில் வராமல் நிற்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தலைவலி.

ரிப்போர்ட்: ஹீமோகுளோபின் 10.8, ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பு) 9, ஈ.எஸ்.ஆர். 22, சி.ஆர்.பி. 3 (இரண்டும் அழற்சி காட்டுபவை), டி.எஸ்.எச். (தைராய்டு) 3.1, வைட்டமின் டி 14 (இது ஐந்து மாதத்துக்கு முன் எடுத்தது), கால்சியம் 9.1, ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் 96, சி.பி.கே. (தசை நொதி) 88. ஆர்.ஏ. ஃபாக்டர் (முடக்குவாதச் சோதனை) நெகட்டிவ். ஏ.என்.ஏ. (சொந்த உடம்பையே தாக்கும் எதிர்ப்புப் புரதத்துக்கான சோதனை) 1:100-இல் 'வீக் பாசிட்டிவ்'. கழுத்து எம்.ஆர்.ஐ.யில் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது.

இப்போது எடுப்பவை: அசிக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரை காலை, இரவு, ஏழு மாதமாக. வைட்டமின் டி 60,000 யூனிட் வாரம் ஒன்று, ஐந்து மாதமாக. சொந்தக்காரர் ஒருவர் வாங்கித் தந்த சூரணம், பெயர் ஒட்டாத பொட்டலம், இரண்டு மாதமாக. சூரணம் சாப்பிட்ட முதல் வாரம் துள்ளி எழுந்தார், நன்றாகப் பசித்தது. பிறகு பழையபடி ஆகிவிட்டது.

டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லி அமிட்ரிப்டிலின் 10 எழுதினார். கடையில் "இது டிப்ரஷன் மாத்திரை" என்று சொன்னதால் அக்கா தொடவே இல்லை. நடக்கச் சொன்னார்கள். முதல் நாளே 45 நிமிடம் நடந்தார். ஐந்தாம் நாள் படுத்தவர் மூன்று நாள் எழவில்லை.

கேள்விகள்: இது ஃபைப்ரோமயால்ஜியாதானா? ஏ.என்.ஏ. வந்திருப்பதால் லூபஸா (எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய்)? டிஸ்க்குக்கு ஆபரேஷன் வேண்டுமா? நடப்பதா, ஓய்வெடுப்பதா?

மூட்டும்தசையும்

முதலில் அந்தப் பொட்டலம். பெயரில்லாத வலிச் சூரணத்தைச் சாப்பிட்ட சில நாளில் துள்ளி எழுவதும் பசி கூடுவதும் ஸ்டீராய்டு கலந்திருக்கும்போது காணும் அடையாளம். இதை எழுதும்போதே "உடனே தூக்கிப் போடுங்கள்" என்று சொல்லக் கை வருகிறது, ஆனால் அப்படிச் செய்யக் கூடாது. மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனால், உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் கடும் அசதி, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, சில சமயம் உயிருக்கே ஆபத்து. அந்த நிறுத்தமே உடம்பு முழுக்க வலியைக் கிளப்பும், பார்க்க அச்சு அசல் ஃபைப்ரோமயால்ஜியா மாதிரியே இருக்கும். பொட்டலத்தோடு இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் (அட்ரீனல் சுரக்கும் அந்த ஸ்டீராய்டு) பார்க்க வேண்டும். எந்த நாளில், முந்தைய வேளைச் சூரணத்தை விட்டுவிட்டா எடுப்பது என்பதை அவர் சொல்வார். முகம் உப்பியிருக்கிறதா, தோலில் எளிதில் ரத்தம் கன்றுகிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

இனி நோய்க்கு வருவோம். ஃபைப்ரோமயால்ஜியாவை எல்லா டெஸ்ட்டும் நார்மல் என்பதால் கடைசியில் ஒட்டும் லேபிள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அதற்குச் சொந்தமாக அளவுகோல் உண்டு. 1990-இல் அமெரிக்க ரூமட்டாலஜி கல்லூரி (மூட்டு, தசை நோய் மருத்துவர்களின் சங்கம்) 18 இடங்களை விரலால் அழுத்தி, 11-இல் வலித்தால் இந்த நோய் என்றது. 2010-இல் அழுத்திப் பார்ப்பதை விட்டுக் கேள்வி முறைக்கு மாறினார்கள். 2016-இல் அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தைத்தான் இப்போது பயன்படுத்துகிறோம். அதை வைத்து உங்கள் அக்காவின் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

உடம்பில் 19 இடங்கள். தோள்பட்டை, மேல்கை, முன்கை, பிட்டம், தொடை, கெண்டைக்கால், தாடை ஆகியவை இரண்டு பக்கமும் சேர்த்து 14. கழுத்து, மேல்முதுகு, கீழ்முதுகு, நெஞ்சு, வயிறு 5. கடந்த ஏழு நாளில் வலித்த ஒவ்வோர் இடத்துக்கும் 1. நீங்கள் எழுதியதை எண்ணினால் 11 வருகிறது. அடுத்தது கடுமை: அசதி, எழும்போது புத்துணர்ச்சி இல்லாமை, மறதியும் கவனக் குறைவும் ஆகிய மூன்றுக்கும் தலா 0 முதல் 3. ஆறு மாதத்தில் தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு இருந்திருந்தால் தலா 1. நீங்கள் சொன்னதை வைத்து அசதி 3, தூக்கம் 3, மறதி 2, தலைவலி 1 என்று போட்டால் 9. முதல் எண் 7-க்கும் இரண்டாவது 5-க்கும் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது முதல் எண் 4 முதல் 6-ஆகவும் இரண்டாவது 9-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அதோடு வலி இடது மேல், வலது மேல், இடது கீழ், வலது கீழ், நடு உடம்பு என்ற ஐந்து வட்டாரத்தில் நான்கிலாவது இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும். எல்லாம் பொருந்துகிறது. உங்கள் டாக்டர் சொன்னது சரி.

இன்னொன்று. 2016 திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது: வேறு நோய் கூட இருந்தாலும் இந்த நோய் இல்லை என்றாகிவிடாது. எனவே கூட என்ன இருக்கிறது என்று பார்ப்பது தனி வேலை. அக்காவுக்கு இரும்புச்சத்துக் குறைவு அப்பட்டமாக இருக்கிறது. ஃபெரிட்டின் 9 என்றால் கிடங்கு காலி. அசதியில் ஒரு பங்கு அங்கிருந்து வரும். வைட்டமின் டி 14 குறைவுதான், ஆனால் அதனால் எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியா வந்திருந்தால் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் ஏறியிருக்கும். முன்னங்கால் எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் துள்ளுவார், தரையிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருக்கும், நடை ஆடும். பாஸ்பரஸ் பார்க்கப்படவில்லை, அதை மட்டும் சேர்த்து எடுங்கள். தைராய்டு சரி. சி.பி.கே. 88 என்பதால் தசை அழற்சி நோய்க்கு இடமில்லை என்றே சொல்லலாம். அந்த நோயில் வலியைவிட வலுவின்மைதான் முன்னால் நிற்கும்: தலை சீவக் கை தூக்க முடியாது, கொடியில் துணி போட முடியாது. "வலிக்கிறது, அதனால் தூக்கவில்லை" என்பதும் "வலி இல்லாவிட்டாலும் தூக்க முடியவில்லை" என்பதும் வேறு வேறு. டாக்டரிடம் சொல்லும்போது இதைப் பிரித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

ஏ.என்.ஏ. பற்றிப் பயப்பட வேண்டாம். எந்த நோயும் இல்லாதவர்களில் 1:80 அளவில் ஏறத்தாழ 13 சதவீதத்தினருக்கு பாசிட்டிவ் வருகிறது. வெயில் பட்டால் கன்னத்தில் சிவப்பு, வாய்ப்புண், மூட்டு வீக்கம், குளிரில் விரல் வெளுத்து நீலமாவது, சிறுநீரில் புரதம் ஆகியவை இருந்தால் மட்டும் மேலே போக வேண்டும். சிறுநீர்ச் சோதனை ஒன்று செய்து சுத்தமாக இருந்தால் அந்தக் கோப்பை மூடிவிடுங்கள். வருடா வருடம் ஏ.என்.ஏ. எடுப்பதால் பயம்தான் வளரும்.

டிஸ்க்கும் அப்படித்தான். ஜப்பானில் கழுத்து நோய் அறிகுறி எதுவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். 87.6 சதவீதத்தினருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. கழுத்து டிஸ்க் தொடையில் இப்படி வலி கொடுக்காது. ஒரு கையில் மட்டும் ஷாக் அடிப்பது போன்ற வலி, விரல் மரத்துப்போவது, பிடி நழுவுவது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது இருந்தால் கதை வேறு. இல்லையென்றால் ஆபரேஷன் பேச்சே வேண்டாம்.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? காலித் தட்டிலேயே முள் சாய்ந்து நிற்கும் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ வைத்தால் ஒரு கிலோ காட்டும். சரக்கு பொய்யில்லை, முள்தான் பிசகியிருக்கிறது. தண்டுவடமும் மூளையும் வரும் சேதியைப் பெருக்கிக் காட்டுகின்றன. இந்த நோயாளிகளின் தண்டுவட நீரில், வலிச் சேதி கடத்தும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருள் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருப்பதை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் கண்டிருக்கின்றன. 2021-இல் லண்டன், லிவர்பூல், ஸ்வீடன் ஆய்வாளர்கள் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதத்தை எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகள் அழுத்தத்துக்கும் குளிருக்கும் கூடுதலாகத் துடித்தன. "எல்லாம் மனசுல" என்று அக்காவிடம் யாராவது சொல்லியிருந்தால், அது தவறு என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மருந்துச்சீட்டு

நொய்யல் சகோ, மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கு இதை ஒரு நாளைக்கு 75 முதல் 150 மி.கி. வரை கொடுப்பார்கள். அக்காவுக்கு எழுதியது 10. அந்த அளவில் இது நரம்பு வழியாக வரும் வலிச் சேதியைத் தணிக்கவும் தூக்கத்தை ஆழப்படுத்தவும்தான். கடைக்காரர் பெயரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார், அளவைப் பார்க்கவில்லை. தூக்கம் ஏன் முக்கியம் என்றால், டொராண்டோவில் ஹார்வி மோல்டோஃப்ஸ்கி 1975-இல் நலமாக இருந்தவர்களின் ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் சில இரவுகள் கலைத்துப் பார்த்தார். அவர்களுக்குத் தசை தொட்டாலே வலித்தது, அசதி வந்தது. தூங்கவிட்டதும் போய்விட்டது.

பெரும்பாலோர் செய்யும் தவறு, படுக்கும்போது விழுங்குவது. அப்படிச் செய்தால் காலை பத்து மணி வரை மந்தம் இருக்கும், "ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுவார்கள். பத்து மணிக்குப் படுப்பவர் ஏழரைக்கே சாப்பிட வேண்டும். முதல் வாரம் கொஞ்சம் மந்தமும் வாய் வறட்சியும் இருக்கும், பெரும்பாலும் குறைந்துவிடும். மலச்சிக்கல் வரலாம், எடை கூடலாம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதலில் தூக்கம் மாறும், வலி பிறகுதான். கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீர் அடைப்பு இருந்தால் எழுதியவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இது போதாமல் போனால் டாக்டர் டுலோக்ஸெட்டின் அல்லது பிரிகாபலினுக்குப் போகலாம். டுலோக்ஸெட்டின் சாப்பாட்டோடு 20 அல்லது 30-இல் தொடங்கி 60 வரை. முதல் வாரம் குமட்டும். பிரிகாபலின் இரவில் 75-இல் தொடங்கும். தலைசுற்றல், கணுக்கால் வீக்கம், எடை கூடுதல் வரலாம். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். இரண்டையும் நினைத்த அன்று நிறுத்தக் கூடாது, படிப்படியாக இறக்க வேண்டும். அமிட்ரிப்டிலினோ டுலோக்ஸெட்டினோ எடுப்பவருக்கு வேறொரு டாக்டர் வலிக்கு டிராமடால் எழுதினால் முன்பே எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். சேர்ந்தால் செரட்டோனின் (நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் பொருள்) எகிறி நடுக்கம், வியர்வை, படபடப்பு, வலிப்பு வரை போகலாம்.

அசிக்ளோஃபெனாக். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். இந்த வகை மாத்திரை அழற்சியால் வரும் வலிக்கானது. ஃபைப்ரோமயால்ஜியாவில் அழற்சி இல்லை, அதனால்தான் ஏழு மாதமாகியும் வலி போகவில்லை. ஆனால் வயிற்றை அரிப்பதை அது நிறுத்தாது. ஃபெரிட்டின் 9 ஆனதற்கு மாதவிடாய்ப் போக்கு காரணமாக இருக்கலாம், இந்த மாத்திரையால் வயிற்றில் துளித் துளியாக ரத்தம் கசிவதும் காரணமாக இருக்கலாம். மலம் தார் மாதிரி கறுத்து, ஒட்டிக்கொண்டு, கெட்ட நாற்றத்தோடு போகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சூரணத்தில் ஸ்டீராய்டும் இருந்தால் இரண்டும் சேர்ந்து புண் வரும் வாய்ப்பைப் பல மடங்காக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் உங்கள் பட்டியலில் இல்லை, எடுங்கள்.

இரும்பு. 100 மி.கி. இரும்பு உள்ள மாத்திரை ஒன்றை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் போதும். தினம் இரண்டு போட்டால் குடல் உறிஞ்சுவது குறைகிறது, வயிற்று எரிச்சல்தான் கூடுகிறது. வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு நல்லது. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வேண்டாம். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் மாத்திரையை மாற்றுவதைவிட எங்கே கசிகிறது என்று தேடுவதுதான் வழி. நார்மலுக்கு வந்த பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், கிடங்கு நிறைய அவ்வளவு நாளாகும். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அது தார் மாதிரி ஒட்டாது, அந்த நாற்றமும் வராது.

வைட்டமின் டி. 60,000 யூனிட் வாரம் ஒன்று எட்டு வாரத்துக்கு, பிறகு மாதம் ஒன்று என்பதுதான் வழக்கமான முறை. ஐந்து மாதம் வாரா வாரம் போயிருக்கிறது என்றால் சீட்டில் எழுதிய 'எட்டு வாரம்' கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். இப்போது நிறுத்திவிட்டு வைட்டமின் டி, கால்சியம் இரண்டும் பாருங்கள். அளவு மீறினால் கால்சியம் ஏறித் தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, அதோடு அசதியும் வரும். அசதிக்காகச் சாப்பிட்டது அசதியைக் கொடுக்கும் நிலை. இதையே தினம் ஒன்று என்று தவறாக எடுத்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்பவர்கள் உண்டு.

இயன்முறை_சிகிச்சை

நடைப்பயிற்சி ஏன் தோற்றது என்பதை உங்கள் கேள்வியே சொல்லிவிட்டது: முதல் நாளே 45 நிமிடம்.

ஐரோப்பிய ரூமட்டாலஜி அமைப்பு இந்த நோய்க்கான எல்லாச் சிகிச்சைகளையும் அலசி வெளியிட்ட பரிந்துரையில், உறுதியாகச் செய்யலாம் என்று ஒருமனதாகச் சொன்னது உடற்பயிற்சியை மட்டுமே. ஆனால் பயிற்சிக்கும் டோஸ் உண்டு. மாத்திரையை 10 மி.கி.யில் தொடங்குகிறவர் நடையை 45 நிமிடத்தில் தொடங்கக் கூடாது.

தொடக்க அளவைக் கண்டுபிடிப்பது இப்படி. நல்ல நாளை எடுக்காதீர்கள், மிக மோசமான நாளில் எத்தனை நிமிடம் சிரமமில்லாமல் நடப்பார் என்று பாருங்கள். 10 நிமிடம் என்றால் அதில் பாதி, 5 நிமிடம். இதுதான் முதல் வாரம், சமதரையில், வாரத்தில் நான்கு நாள். நடக்கும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டாம் வாரம் 6 நிமிடம். வாரத்துக்கு ஒரு நிமிடம், அதற்கு மேல் இல்லை. நல்ல நாளில் "இன்னைக்கு உடம்பு லேசா இருக்கு" என்று இருபது நிமிடம் நடப்பதுதான் எல்லாரும் விழும் குழி. 15 நிமிடத்தை எட்டிய பிறகு வாரம் இரண்டு நிமிடம் கூட்டலாம். 30 நிமிடம் வந்தால் போதும். இதற்கே நான்கு, ஐந்து மாதம் ஆகும், ஆகட்டும்.

வலி கூடினால் என்ன செய்வது? 10-க்கு எவ்வளவு என்று தினமும் ஒரு எண் எழுதச் சொல்லுங்கள். பயிற்சிக்குப் பின் 2 எண் வரை ஏறி 24 மணி நேரத்தில் இறங்கினால் அப்படியே தொடரலாம். அதற்கு மேல் ஏறினாலோ இரண்டாம் நாளும் நின்றாலோ முந்தைய வார அளவுக்கு இறங்குங்கள். முழுக்க நிறுத்தினால் அடுத்த முறை பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நான்காம் வாரத்திலிருந்து வலுப் பயிற்சி, வாரம் இரண்டு நாள். சாப்பாட்டு மேசை நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது 5 முறை. சுவரில் உள்ளங்கை வைத்து உடம்பைச் சாய்த்துத் தள்ளுவது 5 முறை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், அதாவது அரைக் கிலோ, கையில் பிடித்து முழங்கையை மடக்குவது 8 முறை. ஒரு சுற்றுப் போதும். மெதுவாகக் கீழே இறங்கும் அசைவுகள், முக்கியமாகப் படிக்கட்டில் இறங்குவதும் ஆழ்ந்து குந்துவதும், தசையை நீள வைத்தபடி சுமை ஏற்றுபவை. மறுநாள் வலியை அதிகம் தருவது அவைதான், முதல் இரண்டு மாதம் தவிருங்கள். நடை பிடிக்காதவருக்குத் தாய் சி என்ற மெதுவான சீனப் பயிற்சி நல்லது. 2018-இல் வந்த ஓர் ஆய்வில் அது ஏரோபிக் பயிற்சிக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ பலன் தந்தது. மெதுவான யோகாவும் சரி, ஆனால் சூரிய நமஸ்காரம் 12 சுற்று என்று தொடங்க வேண்டாம்.

ஆசிரியை என்பதால் இதையும் சொல்கிறேன். கரும்பலகையில் தலைக்கு மேல் எழுதுவது தோள்பட்டைத் தசையை இறுக்கிப் பிடித்தே வைத்திருக்கும். நெஞ்சுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் எழுதட்டும். விடைத்தாளை மடியில் வைத்துக் குனிந்து திருத்தாமல் சாய்வுப் பலகையில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து. ஞாயிற்றுக்கிழமை ஒட்டடை, துணி, மாவு ஆட்டுவது எல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டுத் திங்கள் செவ்வாய் படுப்பதும் அந்த 45 நிமிட நடையும் ஒரே தவறுதான். ஈர மாவுப் பாத்திரத்தை வேறு யாராவது தூக்கட்டும்.

குறிஞ்சிக்காடு

இயன்முறை எழுதியது ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு முழுக்கச் சரி. ஆனால் "மூன்று நாள் எழவில்லை" என்ற வரியைத் தாண்டிப் போய்விட்டோம். பயிற்சி தொடங்கும் முன் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நாட்பட்ட களைப்பு நோய், எம்.ஈ./சி.எஃப்.எஸ். என்பது வேறு. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். அந்த நோயின் முத்திரை, உழைப்புக்குப் பின் வரும் சரிவு. 2015-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் வகுத்த அளவுகோலில் இது கட்டாயம். ஆறு மாதத்துக்கு மேல் செயல்திறன் பெரிதும் குறைந்திருக்க வேண்டும், இந்தச் சரிவு இருக்க வேண்டும், தூங்கியும் தெளிவு வராமல் இருக்க வேண்டும், அதோடு மூளை மந்தமோ நிற்கும்போது மோசமாவதோ இரண்டில் ஒன்று. இவர்களுக்கு வாரா வாரம் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சி கெடுதல். சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2007-இல் அந்தப் பயிற்சியைப் பரிந்துரைத்தது, 2021-இல் கொடுக்கக் கூடாது என்று திரும்பப் பெற்றது.

சாதாரணப் பயிற்சி வலியிலிருந்து இதைப் பிரிப்பது எப்படி? பயிற்சி வலி, வேலை செய்த தசையில் வரும், மூன்று நான்கு நாளில் போகும், அதே வேலையைத் திரும்பச் செய்யச் செய்யக் குறையும். சரிவு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் தாமதித்து வரும். நடக்காத கையிலும் வரும். தொண்டை வலி, கழுத்து நெறி, காய்ச்சல் போன்ற உணர்வு, வெளிச்சம் தாங்காமை, படித்தது புரியாமை கூடும். நடந்தால் மட்டுமில்லை, இரண்டு மணி நேர மீட்டிங் முடிந்தாலும் வரும். திரும்பச் செய்தால் குறையாது, கீழேதான் போகும். சில நாளில் தீரலாம், வாரக்கணக்கிலும் நீளலாம்.

இரண்டு வாரம் நோட்டில் எழுதட்டும்: என்ன வேலை, எத்தனை மணிக்கு, மோசமானது எப்போது, எங்கே, எப்போது தீர்ந்தது. கூடவே வீட்டில் ஒரு சோதனை. பத்து நிமிடம் படுத்து, நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் பாருங்கள். எழுந்து, முதுகு சுவரில் சாய, குதிகால் சுவரிலிருந்து சுமார் 15 செ.மீ. தள்ளி நிற்கட்டும். அசையக் கூடாது, பேசக் கூடாது. ஒவ்வொரு நிமிடமும் நாடி, பத்து நிமிடம் வரை. ரத்த அழுத்தம் இறங்காமல் துடிப்பு 30-க்குக் குறையாமல் ஏறி நின்றால் 'பாட்ஸ்' என்ற கோளாறைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். மயக்கம் வருவது போலிருந்தால் உடனே உட்கார வையுங்கள், பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யாதீர்கள்.

சரிவு உண்டு என்று தெரிந்தால் கணக்கே தலைகீழ். களைத்த பிறகு ஓய்வு என்பது போய், களைக்கும் முன் ஓய்வு. அறிகுறி கிளம்பும் நேரம் 20 நிமிடம் என்றால் 12-இல் நிறுத்தி, படுத்து, பிறகு அடுத்த வேலை.

நொய்யல்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் எழுதிப் பார்த்தோம். வேலை அதிகமான அன்று இரவே வலி கூடுகிறது, தாமதம் இல்லை. நடந்தால் தொடை, விடைத்தாள் திருத்தினால் கழுத்து. காய்ச்சல் உணர்வு, தொண்டை வலி ஒருமுறையும் இல்லை. மூன்றாம் நாள் தீர்ந்துவிடுகிறது. நின்று பார்த்த சோதனையில் நாடி 74-இலிருந்து 88, ரத்த அழுத்தம் 116/74-இலிருந்து 112/76. மலம் கறுப்பாக இல்லை, கிரியாட்டினின் 0.7, சிறுநீர் சுத்தம், பாஸ்பரஸ் 3.6. டாக்டர் சொல்லி அசிக்ளோஃபெனாக் நிறுத்தியாகிவிட்டது.

வைட்டமின் டி இப்போது 92, கால்சியம் 9.9. பொட்டலத்தை டாக்டரிடம் காட்டினோம். காலை கார்டிசால் 4.1 மைக்ரோகிராம். முகம் லேசாக உப்பித்தான் இருக்கிறது. அமிட்ரிப்டிலின் ஏழரை மணிக்குத் தொடங்கி ஒன்பது நாள், தூக்கம் பரவாயில்லை. நாளைக்கே நடக்கத் தொடங்கலாமா?

குறிஞ்சிக்காடு

உடனே வருவது, வேலை செய்த இடத்திலேயே வருவது, மூன்று நாளில் போவது: இது சரிவு மாதிரி இல்லை. இயன்முறை சொன்ன வழியில் போகலாம். நோட்டை மட்டும் தொடருங்கள். நடை கூடக் கூட மாதம் போகப் போக நிலை இறங்கினால் திரும்ப யோசிப்போம்.

மூட்டும்தசையும்

நாளைக்கு வேண்டாம். கார்டிசால் 5-க்குக் கீழே இருக்கிறது, அதாவது அட்ரீனல் இன்னும் விழிக்கவில்லை. பெரும்பாலும் டாக்டர் கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை அளந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார், சில வாரம் கழித்துத் திரும்பக் கார்டிசால் பார்ப்பார். பொட்டலத்தில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது, அதனால் சூரணத்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன் என்று வீட்டில் முயல வேண்டாம். அளவு தெரிந்த மாத்திரைக்கு மாறுவதுதான் பாதுகாப்பு. அந்தச் சிகிச்சை தொடங்கி ஒரு வாரம் நிலையாக இருந்த பிறகு 5 நிமிட நடை. குறைக்கும் நாட்களில் வலி கூடும், அதை நடையின் மேல் போட்டு நடையை நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு முறை மருந்தைக் குறைக்கும் வாரத்திலும் நடை நிமிடத்தைக் கூட்டாமல் அப்படியே வைத்திருந்தால் எது எதனால் என்று தெரியும்.

அடுத்தது, காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோன் அளவை எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள், பொதுவாக இரட்டிப்பாக்கச் சொல்வார்கள். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் வீட்டில் காத்திருக்காமல் ஊசிக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும். பல் பிடுங்குவது, ஆபரேஷன், விபத்து எதுவானாலும் "ஸ்டீராய்டு எடுத்திருக்கிறேன்" என்று முதலில் சொல்ல வேண்டும். ஒரு சிறு அட்டையில் மருந்துப் பெயர், அளவு, தொடங்கிய தேதி எழுதி அக்காவின் கைப்பையில் வையுங்கள். பள்ளியில் கூட வேலை செய்யும் ஒருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

வைட்டமின் டி 92 ஆகிவிட்டது, மூன்று மாதத்துக்கு ஒன்றும் வேண்டாம்.